முதல் நட்சத்திரமும் ஒரு சில்வண்டும்

ஜூன் 3

அக்கா,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்க எழுதுகிறேன். நீ இங்கே வந்து தங்கியிருந்த வாரத்தில் உன் பையில் இன்னொரு காதுக் கருவி இருந்ததா? அந்தப் பழையது? எனக்குத் தெரியாமல் அதை மாட்டிக்கொண்டு நடமாடினாயா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். முழுதும் படி. பாதியில் மடக்கி வைத்துவிட்டு டிப்போவுக்குக் கிளம்பாதே.

இந்தப் பொட்டல்வெளியில் ஓர் இரும்பு மேஜையை நட்டுவைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாய். அது மேஜை இல்லை. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிற அன்டெனா. எவ்வளவு தூரத்திலிருந்து ஓர் அலை வருகிறதோ, அவ்வளவு பழையது அது. நாங்கள் தேடுவது, முதன்முதலாக நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்து அலை. அது கிளம்பி ஆயிரத்து முந்நூறு கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே வந்து சேரும்போது அதில் உயிர் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. தாளில் வரைந்தால் ஒரு நீண்ட கோட்டில் லேசான ஒரு பள்ளம். அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு செல்போன் கண்விழித்தால் அந்தப் பள்ளம் மூழ்கிவிடும். அதனால்தான் இங்கே போன் இல்லை. அதனால்தான் வாசலிலேயே உன் கருவியைக் கழற்றச் சொன்னோம்.

மூன்று வருடமாக எங்களுக்குக் கிடைத்தது நேர்க்கோடு. நீ இருந்த வாரத்தில், அலையைப் பெரிதாக்கும் புதுப் பெருக்கியை நான் மாட்டிய அதே வாரத்தில், பள்ளம் வந்தது. இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய அகலத்தில். இயக்குநர் என் தோளில் தட்டினார். அந்த மனிதர் யார் தோளையும் தொட்டு நான் பார்த்ததில்லை. நீ தண்ணீர் லாரியில் ஏறிப் போனாய். மறுநாள் கோட்டை வரைந்து பார்த்தால் பள்ளமும் போயிருந்தது.

"அந்த வாரம் உள்ளே புதுசா என்ன இருந்தது?" என்று இயக்குநர் கேட்டார். பெருக்கி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிற தாடி, "இவங்க அக்காதான்" என்றான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உன் கருவி என்னிடம் இருந்தது. உன் காதின் அளவுக்கென்று செய்தது, வாசலில் இருக்கிற அலமாரியில் போட்டால் தொலைத்துவிடுவார்கள் என்று நானே கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன். ஆக, அது இல்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. முதல் நாள் சாயங்காலம் உன்னை அன்டெனா பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். இருட்டும்வரை பேசினேன். நீ சரியான இடத்திலெல்லாம் தலையாட்டினாய். காது கேட்காத ஒருத்தி எப்படி அவ்வளவு சரியாகத் தலையாட்டுவாள்?

ஆமாம், இல்லை. இரண்டில் ஒன்றை எழுது.

தம்பி


ஜூன் 9

டேய்,

எழுத்துத் தமிழ்ல மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன். ரெண்டு தாள் கிழிச்சுப் போட்டாச்சு. திட்டறதுக்கு அது ஒத்துவரல.

இல்லை. போதுமா? பழைய கருவியைப் புதுசுக்கு அளவெடுக்கப் போனப்பவே கடையில வாங்கிக்கிட்டாங்க. நம்பலன்னா கடைக்காரனையும் கூப்பிட்டு விசாரி. உங்க இயக்குநரையும் தாடியையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோ.

தம்பி ரெண்டு வருஷமா வீட்டுக்கு வரலையேன்னு லீவு போட்டுட்டு, லாரியில குலுங்கி, முதுகெலும்பு கழண்டு வந்து இறங்கினேன். வாசல்ல செருப்பைக் கழட்டச் சொல்ற மாதிரி காதைக் கழட்டச் சொன்னே. சரி, உன் வேலை அப்படின்னு கழட்டிக் குடுத்தேன். குடுக்கறப்ப ஒண்ணு சொல்ல வந்தேன். "சரிக்கா, சரிக்கா, நான் பார்த்துக்கறேன்"னு கையை வீசினே. காது இல்லன்னாலும் அந்த வாயசைவு எனக்குத் தெரியும். நீ பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கே.

அடுத்த லாரி வர்ற வரைக்கும் போக வழியில்லை. உன் அறையை எனக்குக் குடுத்துட்டு நீ அன்டெனாவை ஒட்டின அந்தத் தகரக் கருவி அறையில போய்ப் படுத்துக்கிட்டே. பகல்ல வேலைன்னு ஓடிட்டே. நான் சாப்பாட்டுக் கூடத்துல உட்கார்ந்து பத்துப் பேரோட வாயைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தத் தாடி என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, "சாப்பாடு... நல்லா... இருக்கா?"ன்னு கைக்குழந்தைகிட்ட கேக்கற மாதிரி கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே. நான் பார்த்தேன்.

தலையாட்டறதைப் பத்தி என்கிட்ட கேக்கறியா? டிப்போவுல டிரைவர்களுக்கு டூட்டி போடறவ நான். தினமும் ஒருத்தன் "எனக்கு ஏன் அந்த ரூட்டு?"ன்னு மேஜையைத் தட்டுவான். சண்டை முத்தினா கருவியோட சின்ன மூடியைத் திறந்து விட்டுடுவேன். பேட்டரி தொடர்பு அறுந்துடும், உலகமே அமைதியாயிடும். அவன் மூச்சு வாங்க நிறுத்தறப்ப ஒரு தடவை தலையாட்டுவேன். திருப்தியாப் போயிடுவான். அன்னிக்கு சாயங்காலமும் அதைத்தான் செஞ்சேன். இருட்டுல உன் உதடுகூடத் தெரியல. நீ கையை இறக்கறப்பல்லாம் தலையாட்டினேன். ஒரு வார்த்தை கேக்கலடா. நீ வானத்தைக் காட்டிக்கிட்டிருந்தே, நான் நீ எவ்வளவு இளைச்சுட்டேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

கடைசியில காதைத் திருப்பிக் குடுத்தியே, அந்த அழகையும் கேளு. ஊருக்குப் போற பஸ்ஸுல ஏறி மாட்டினா செத்துக் கிடக்குது. வீட்டுலேர்ந்து உன்கிட்ட வரக் கிளம்பின அன்னிக்குக் காலையிலதான் புது பேட்டரி போட்டிருந்தேன். கண்டக்டர் எந்த ஊருன்னு நாலு தடவை கேட்டு, அஞ்சாவது தடவை கத்தி, மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்துச்சு.

ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்துக்கு முந்தினதைக் கேக்கறதுக்காக, எதிர்ல நின்ன என் காதைப் பிடுங்கி வெச்சுக்கிட்டே. அதையும் பொறுத்துக்கிட்டேன். இப்ப திருட்டுத்தனம் பண்ணினேன்னு வேற எழுதறே.

மன்னிப்பு கேக்கறதா இருந்தா எழுது. இல்லன்னா தபால்காரரை வீணா அலையவிடாதே.

அக்கா


ஜூன் 17

அக்கா,

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. வெறும் பேச்சுக்குத் தலையாட்டினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். மன்னிப்பு நீதான் கேட்க வேண்டும்.

அன்று நான் உன்னிடம் பேசியது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியுமா? வீட்டில் இதுவரை ஒருத்தர்கூட என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. போன முறை நான் வீட்டுக்கு வந்தபோது மாமா, "ஜோசியமா மாப்ளே?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நீ ஒருத்தி கேட்டாய் என்று நினைத்தேன். நீ பார்க்கிற சூரியனே எட்டு நிமிடம் பழையது என்றேன், தலையாட்டினாய். தூரத்தில் பார்ப்பதும் பின்னால் பார்ப்பதும் ஒன்றுதான் என்றேன், ஆட்டினாய். அண்டம் பிறந்த புதிதில் எங்கும் வெறும் வாயுதான், விளக்கு ஏற்றாத வீடு மாதிரி கிடந்தது, முதல் நட்சத்திரங்களின் ஒளி பட்டபோது அந்த வாயுவின் அலையில் விழுந்த பள்ளத்தைத்தான் தேடுகிறோம், அந்த அலை கிளம்பும்போது ஒரு சாண் நீளம், அண்டம் விரிய விரிய அதுவும் இழுபட்டு, இங்கே வரும்போது இரண்டு ஆள் உயரம் என்றேன். அதற்கு இரண்டு முறை ஆட்டினாய். என் அக்காவுக்குப் புரிகிறது என்று அன்று ராத்திரி தாடியிடம் பெருமையாகச் சொன்னேன். டூட்டி கேட்டு வந்த டிரைவருக்கு ஆட்டுகிற தலையைத்தான் எனக்கும் ஆட்டியிருக்கிறாய்.

போகட்டும். உன் பதிலில் எனக்கு வேண்டியது 'இல்லை' என்ற ஒரு சொல். இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து எந்த இடைஞ்சலும் இல்லை என்றால் பள்ளம் நிஜம். பிறகு அது மறைந்ததற்குக் காற்றில் ஈரம் கூடியதைக் காரணமாக வைத்திருக்கிறார். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ஆனால் அவர் அறிவிப்பை எழுத ஆரம்பித்துவிட்டார். அடுத்த மாதம் வெளியே போகிறது. கருவிப் பொறுப்பு என்னுடையது, ஆகவே கீழே என் கையெழுத்தும் வேண்டும். முதல் நட்சத்திரங்களைப் பார்த்தவர்கள் என்று ஆறு பேர் பெயர் வரும். அதில் ஒன்று என்னுடையது. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

நீ வந்த வாரம் எனக்கு வாய்த்தது உன் கோபம் மட்டும் இல்லை. கருவி அறையில் ஒரு சில்வண்டு வேறு. நாள் முழுக்கக் கீச்கீச்சென்று காதைக் குடைந்தது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. நிமிர்ந்து நின்றால் சத்தம் இருக்காது, கம்பியைப் பார்க்கக் குனிந்தால் போதும், ஆரம்பித்துவிடும். தாடி தரைப்பலகையைப் பெயர்த்துப் பூச்சிமருந்தே அடித்தான். அப்போதும் சாகவில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் தானாக ஓய்ந்தது. மறுநாள் நீயும் போனாய். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் வந்தீர்களோ என்னவோ.

தம்பி


ஜூன் 22

டேய் மடையா,

அது பூச்சி இல்லடா. என் காது.

கையெழுத்து போட்டுட்டியா? போடலன்னா பேனாவைக் கீழ வெச்சுட்டுப் படி.

காதுக் கருவியைக் காதுலேர்ந்து எடுத்துட்டா அணைஞ்சுடாது. மூடியைத் திறந்து விட்டாத்தான் அணையும். இல்லன்னா அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். கைக்குள்ள பொத்தினாலோ துணியில சுத்தினாலோ கீச்சுன்னு கத்தும். அதோட சத்தத்தை அதுவே திருப்பிக் கேட்டுக் கத்தறதுன்னு கடைக்காரர் சொன்னார். நான் ராத்திரி மூடியைத் திறக்காம வெச்சுட்டா மாமா தலையணையைத் தூக்கி அடிப்பார். "உன் காதை வாயை மூடச் சொல்லு"ம்பார்.

எங்கடா வெச்சிருந்தே அதை? சட்டைப் பையிலதானே? கைக்குட்டையில சுத்தி? நீ குனிஞ்சா அது நசுங்கும், கத்தும். நிமிர்ந்தா நின்னுடும். கடைசியில "ஓய்ந்தது"ன்னு எழுதியிருக்கியே, பேட்டரி செத்துச்சு. ஒரு வாரம் ஓடற பேட்டரி, சரியா ஒரு வாரம் ஓடிட்டுச் செத்துச்சு. பூச்சிமருந்து அடிச்சானாம் தாடி!

வாசல்ல இதைத்தான் சொல்ல வந்தேன். "மூடியைத் திறக்கணும்"னு மூணு தடவை சொன்னேன். எனக்கு என் குரலே கேக்கல, ஆனா சொன்னேன். நீ கையை வீசினே. நீங்க எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்க, போன் எப்படி அணைக்கணும், கடிகாரத்தை எப்படி நிறுத்தணும்னு வாசல்ல பலகை மாட்டி வெச்சிருக்கீங்க. காதை எப்படி அணைக்கறதுன்னு காதுக்காரிகிட்ட கேக்கணும்னு ஒருத்தனுக்குத் தோணல.

என் காதை எடுத்துக்கிட்டுப் போய் உன் அன்டெனா காலடியில ஒரு வாரம் படுக்கப் போட்டிருக்கே. அப்புறம் என்னைப் பார்த்துக் கேக்கறே, மாட்டிக்கிட்டு நடமாடினியான்னு.

உங்க பள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அது உன் படிப்பு. நீ வெளியே சொல்லலன்னா உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியப்போறதில்லை. சொல்றதும் முழுங்கறதும் உன் இஷ்டம். முழுங்கினா மட்டும் இனிமே எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூலை 1

அக்கா,

தபாலோடு வந்த லாரி பக்கத்தில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். முட்டாள்தனம், அதில் ஒன்றும் இல்லை. கடிதத்தை மடித்து அதே பையில் வைத்தேன். மேஜையில் அறிவிப்பு இருந்தது. ஐந்து கையெழுத்து விழுந்திருந்தது, ஆறாவதற்கு இடம் விட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாமல்தான் இருந்தது.

பிறகு சொன்னேன்.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். பேனாவை மூடினார், தட்டை நகர்த்தினார், "சட்டைப் பையிலா?" என்று மட்டும் கேட்டார். தாடி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, மேஜையில் கவிழ்ந்து சிரித்தான். அன்றிலிருந்து இங்கே என் பெயர் சில்வண்டு. வேலைக்கென்று இருக்கிற ஒரே இணைய ஒயருக்கு வரிசையில் நிற்கும்போதுகூட, "சில்வண்டு, உன் முறை" என்கிறார்கள்.

பள்ளத்துக்கும் உன் காதுக்கும் சம்பந்தம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் கருவி பள்ளம் எதையும் தோண்டவில்லை. கோட்டின் இரண்டு பக்கமும் லேசாக மேடு போட்டிருக்கிறது. நடுவில் மிச்சம் இருந்த சமதரையைத்தான் நாங்கள் பள்ளம் என்று கொண்டாடியிருக்கிறோம். மூன்று வருடம் அக்கா. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. யார் தலையில் என்றுதான் தெரியவில்லை.

மூன்று தடவை சொன்னாயாம். நான்காவது தடவை என் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? டிப்போவில் டிரைவர்களை மேய்க்கிறவளுக்கு என்னிடம் மட்டும் என்ன தயக்கம்?

கணக்கு போதாது, கையில் நிரூபணம் வேண்டும் என்கிறார் இயக்குநர். உன் கருவியை அடுத்த லாரியில் அனுப்பி வை. சோதித்துவிட்டு, மூடியைத் திறந்து, பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

தம்பி


ஜூலை 6

டேய் சில்வண்டு,

உங்க தாடிக்கு இப்பத்தான் ஒரு நல்ல வேலை செய்யத் தெரிஞ்சிருக்கு.

காதைப் பார்சல்ல அனுப்ப முடியாது. அது வேணும்னா நானும் சேர்ந்துதான் வருவேன். பதினஞ்சாம் தேதி லாரி. இந்தத் தடவை கழட்ட மாட்டேன். வாசல்ல இல்லை, சாப்பாட்டுக் கூடத்துல இல்லை, எங்கயும் இல்லை. அந்த வாரம் உங்க இரும்பு மேஜை வேணும்னா வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும். சோதனைக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம் அதுக்கு அடியில உட்கார்றேன். ஆனா சும்மா உட்கார மாட்டேன். அன்னிக்கு சாயங்காலம் சொன்னியே, அதை மறுபடி சொல்லணும். வெளிச்சத்துல. முதல்லேர்ந்து.

நாலாவது தடவை ஏன் சொல்லலன்னு கேட்டியே. அந்த வாசல்ல உன் ஆளுங்க எதிர்ல, காது கேக்காத பொம்பளை கத்திப் பேசறான்னு உனக்கு ஒரு கூச்சம் வந்துச்சு. "மெதுவா, மெதுவா"ன்னு கையைக் காட்டினே. அதான் வாயை மூடிக்கிட்டேன். கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். நேர்ல இதைப் பேச வேண்டாம்.

அக்கா


ஜூலை 29

அக்கா,

சோதனை முடிவு. நீ அன்டெனா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்துக் கோட்டில் பள்ளம் வந்துவிட்டது. அதே இடம், அதே அகலம். இனி வாதாட ஒன்றும் இல்லை. அறிவிப்பை இயக்குநர் என் கண்ணெதிரே கிழித்தார். கோடு மறுபடி நேராகிவிட்டது, நாங்கள் மறுபடி ஆரம்பத்தில் நிற்கிறோம்.

வாசல் பலகையில் அவரே ஒரு வரி சேர்த்திருக்கிறார். "காதுக் கருவி வைத்திருப்பவரிடம் அதை அணைக்கும் முறையைக் கேட்கவும். அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கவும்." கடைசி வாக்கியம் எனக்காக எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும். தாடி தினமும் அதை உரக்கப் படித்துக் காட்டுகிறான்.

உன் பேரில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. போன முறை இருட்டும்வரை பேசினேன், முழுதையும் சொல்லி முடித்தேன். இந்த முறை நீ சூரியனைக்கூடத் தாண்டவிடவில்லை.

"எட்டு நிமிஷம் பழசுன்னா, இப்ப அது இருக்கா இல்லையான்னு உனக்கே தெரியாதா?" என்றாய்.

"இந்த நிமிஷத்துக்குத் தெரியாது" என்றேன்.

"அந்த முதல் நட்சத்திரம் எல்லாம்?"

"அதெல்லாம் எப்பவோ எரிஞ்சு முடிஞ்சு போச்சுக்கா."

"இல்லாததுக்காடா என் காதைக் கழட்டினே?"

தாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் நான் கத்தினேன். "இல்லாதது இல்லக்கா! அங்கேர்ந்து கிளம்பினது இன்னும் வந்துகிட்டேதான் இருக்கு. நம்ம மேல பட்டுத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கு. கேக்க ஆள் இல்லன்னா அது என்ன பண்ணும்?"

நீ வானத்தை அண்ணாந்து பார்த்தாய். பிறகு, "இதை அன்னிக்கும் சொன்னியா?" என்றாய்.

"இதேதான் சொன்னேன்."

"அப்ப இதுக்கும் தலையாட்டியிருப்பேன்" என்றாய்.

அதற்குப் பிறகும் விட்டாயா? ஒரு சாண் அலை எப்படி இரண்டு ஆள் உயரம் ஆகும், இழுத்தால் அறுந்து போகாதா, அண்டம் விரிகிறது என்றால் டிப்போவும் விரிய வேண்டாமா, இதையெல்லாம் நேரில் பார்த்துவிட்டு வந்தவன் யார் என்று வரிசையாகக் கேட்டாய். பாதிக்கு உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்துதான் பதில் சொன்னேன். ஒரு தடவைகூட நீ தலையாட்டவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

லாரி கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து கடைசியாக ஒன்று கேட்டாய். இன்ஜின் உறுமலில் என் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை. நான் தலையாட்டினேன். உன் முகம் மலர்ந்தது, கையசைத்துக்கொண்டே போனாய்.

என்ன கேட்டாய்? எதற்குத் தலையாட்டினேன்? எழுது.

தம்பி